கூடாரத்தின் விலைச்சீட்டில் எழுதப்படாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்த காலமும் பாடசாலை விடுமுறையும் நெருங்கும்போது நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை நகரக் கடைகளின் முகப்பில் வண்ண வண்ணக் கூடாரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. முன்பு வெளிநாட்டுப் பயணிகளின் முதுகில் மட்டுமே நாம் கண்ட இப்பொருட்களை இன்று தோட்டத்து இளைஞர்களும், ஆசிரியர்களும், குழந்தைகளோடு ஒரு நாள் உலா செல்லும் குடும்பங்களும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல ஆகிய இடங்கள் வழியாக நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ நடைபாதை, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்தில் 22 கட்டங்களாக வகுக்கப்பட்ட பின்னர், நம்முடைய தேயிலை மலைகளில் நடந்து திரிவது நமக்கும் உரிய பொழுதுபோக்கே என்ற எண்ணம் வலுப்பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இவ்வாறு வாங்குபவர்களில் பலர் முதல் மழையிலேயே மனம் சலித்துப்போகிறார்கள். வாங்கிய பொருள் மலிவானது என்பதால்தான் இப்படி நேர்கிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததே காரணம் என்பது, பாடசாலைச் சாரணர் குழுவோடு நீண்ட காலமாக முகாமிட்டுவரும் எனது கருத்து. அதைச் சற்று விரிவாக எழுத இடமளிக்க வேண்டுகிறேன்.

மலையகத்தில் முகாமிடப் போகிறவர் முதலில் அஞ்சுவது குளிருக்கு. கடைக்காரரும் அந்த அச்சத்தை அறிந்தே தடித்த, கனத்த பொருட்களை எடுத்துக் காட்டுகிறார். ஆனால் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது என்ற கணக்கின்படி பார்த்தால், சுமார் 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர், உடல் உலர்ந்திருக்கும்வரை இரண்டு மேலாடைகளால் தாங்கக்கூடியதே. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல் மீது பனி உறைவது உண்மைதான். அவை விதிவிலக்கான நாட்கள். நம்மை வாட்டுவது ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, வெலிமடைப் பக்கத்தை நனைக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ காலையில் வெயிலைக் காட்டிவிட்டுப் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுகிறது. ஆகவே நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, நனைந்தால் இது என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் காயும் என்பதே.

கூடாரத்தை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்தவற்றுள் பெரும்பாலானவை ஒற்றைத் துணியால் ஆனவை. நமது மூச்சுக்காற்றின் ஈரமே இரவில் அத்துணியின் உட்புறத்தில் நீராகப் படிந்து, விடியும்போது போர்வைமேல் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று பலர் முறைப்பாடு செய்வது பெரும்பாலும் இந்த நீரைத்தான். எனவே வலைத்துணியாலான உட்கூடாரமும், அதன்மேல் இடைவெளி விட்டுக் கிட்டத்தட்ட நிலம்வரை இறங்கும் தனி மேற்போர்வையும் உள்ள இரட்டைக் கூடாரத்துக்குக் கூடுதலாகச் சிறிது செலவிடுவது தகும். உச்சியில் தொப்பிபோல மட்டும் அமைந்த மேற்போர்வை தலவாக்கலைக் காற்றில் ஒன்றுக்கும் உதவாது, ஏனெனில் இங்கே மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை. துணியின்மேல் எத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அது கசியத் தொடங்கும் என்பதைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. மேற்போர்வைக்கு அது 1,500க்குக் குறையாமலும், உடல் அழுத்தும் அடித்துணிக்கு 3,000 அளவிலும் இருப்பது நல்லது. அந்த எண் எதுவாயினும், தையல் மூட்டுகளின் உட்புறத்தில் ஒளிபுகும் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே வாங்க வேண்டும். நீர் முதலில் நுழைவது ஊசித்துளை வழியாகத்தான்.

இங்கே மலிவான பொருளே மேலானதாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. நைலோன் துணி நீரை உறிஞ்சி நீண்டு தளர்வதால், மாலையில் இறுக்கிக் கட்டிய கூடாரம் நள்ளிரவில் தொய்ந்து தொங்கும். பொலியெஸ்டர் அவ்வாறு தளர்வதில்லை. வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒரே எடையில் நைலோன் வலிமையானது என்பது உண்மையாயினும், நமது தேவைக்கு விலை குறைந்த பொலியெஸ்டரே பொருந்தும். தாங்கு கம்பிகளைப் பொறுத்தவரை கண்ணாடி நார்க் கம்பி கனமானது, பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும். அலுமினியக் கம்பி இலேசானது, வளைந்தால் ஓரளவு நிமிர்த்தலாம். முச்சக்கர வண்டியில் இறங்கிக் கூப்பிடு தூரம் நடப்பவர் கண்ணாடி நாரோடு திருப்தியடையலாம். ஒஹிய நிலையத்தில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிவரை ஏறுபவர் அலுமினியத்துக்குக் காசு சேர்ப்பதே நல்லது. இன்னொன்று, ‘இருவருக்கு’ என்று எழுதியிருந்தால் அது ஒருவருக்கும் அவரது பைக்கும் என்றே கொள்ள வேண்டும்.

கூடாரத்துக்கு அடியில் விரிக்க விலையுயர்ந்த விரிப்பு எதுவும் தேவையில்லை. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் மரக்கறிச் செய்கையாளர் பசுமைக் குடில்களுக்குப் போடும் தடித்த பொலித்தீன், விவசாயப் பொருட்கள் விற்கும் கடைகளில் மீற்றர் கணக்கில் கிடைக்கிறது. நூறு மைக்ரோன் தடிப்பில் இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றேகால் மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலமுமான துண்டு கால் கிலோவைக்கூட எட்டாது. அதே வேலைக்கு நீல நிறத் தறப்பாளைத் தூக்கிச் செல்வது வீண் சுமை. விரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீண்டிருக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நீண்டிருந்தால் மேற்போர்வையில் வழியும் நீரை அதுவே ஏந்தி அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இனி, பலரும் சிக்கனம் பிடிக்கும் தவறான இடத்தைச் சொல்கிறேன். அது பாய். உறக்கப் பைக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுபவர் தரையில் ஒரு துணியை விரித்துப் படுத்துவிட்டு, பை தரமற்றது என்கிறார். உடலின் கீழ் நசுங்கிய பஞ்சில் காற்று தங்குவதில்லை. காற்று தங்காத பஞ்சு சூடு காப்பதில்லை. எனவே எத்தகைய விலையுயர்ந்த பையானாலும் நமக்கும் ஈரத் தரைக்கும் இடையில் அதன் அடிப்பக்கம் பெரிதாக ஒன்றும் செய்யாது. நீர் ஊறாத, கண்ணறைகள் மூடிய நுரைப்பாய், எட்டு முதல் பத்து மில்லிமீற்றர் தடிப்பில், நானூறு கிராம் அளவில் கிடைக்கிறது. அது ஓட்டையாகாது, நனைந்தால் துடைத்துவிடலாம், முதுகுப்பைக்கு வெளியே கட்டிச் செல்லலாம். யோகாசனத்துக்கு விற்கும் பாய் இதைவிடப் பன்மடங்கு கனம், சூடும் அவ்வளவு காக்காது. காற்றடைத்த மெத்தை மென்மையாக இருந்தாலும் உள்ளே நுரை இல்லாதது இரவு முழுவதும் முதுகைக் குளிர்விக்கும். நம் வீட்டுப் பன்பாய் பகல்நேர உலாவுக்கு இனியது, அடியில் பொலித்தீன் இருந்தால் மிகவும் இனியது. இரவு ஈரத்தில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

உறக்கப் பையின் உறையில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் உச்சநிலைக் குளிரைக் குறிப்பது; அந்தக் குளிரில் உயிர் தப்பலாம் என்பதே அதன் பொருள், தூங்கலாம் என்பதன்று. முறையாகச் சோதிக்கப்பட்ட பைகளில் வசதி, கீழெல்லை, உச்சநிலை என மூன்று அளவுகள் தரப்பட்டிருக்கும். வசதி வெப்பநிலை ஐந்து முதல் பத்துப் பாகைக்குள் இருந்தால் மலையகத்தின் பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். இறகு நிரப்பிய பை இலேசானது என்று விற்பனையாளர் புகழ்வார். இறகு நனைந்தால் சுருண்டு சூடிழக்கும், காய நெடுநேரம் பிடிக்கும். எனவே செயற்கைப் பஞ்சே நமக்கு ஏற்றது, அதன் விலையும் குறைவு. பை வாங்க வசதியில்லாதவர் பொலியெஸ்டர் பிளீஸ் போர்வை இரண்டை மூன்று பக்கமும் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். அத்துடன் பழைய நூல்சேலை ஒன்றை இரண்டாக மடித்து உள்ளுறையாகத் தைத்துவிட்டால், வியர்வையும் அழுக்கும் அந்த உறையோடு நின்றுவிடும். பையை அடிக்கடி துவைத்து அதன் பஞ்சைக் கெடுக்க வேண்டிய அவசியம் எழாது.

மழைச்சட்டைக்கு, ஏற்றுமதி ஆடைகளில் மிஞ்சியவற்றை விற்கும் கடைகளைத் தேடுவது நல்ல பழக்கம். அங்கே நிறம் அல்லது தையல் சற்றுப் பிசகியதற்காகத் தள்ளப்பட்ட நல்ல சட்டைகள் கிடைக்கும்; ஸிப்பும் தையல் நாடாவும் சரியாக இருந்தால் மற்றக் குறை எதுவானாலும் பரவாயில்லை. முதுகுப்பைக்கு வெளியுறை வாங்குவதைவிட, உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பையை இட்டு அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது நம்பகமானது. முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் நீரை எந்த வெளியுறையும் தடுப்பதில்லை. தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கிறதென்று உரமூட்டையின் உட்பையை இதற்குப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறேன். உணவும் உடையும் வைக்கும் பைக்கு அது ஆகவே ஆகாது. மொத்தச் சுமை, தூக்குபவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமலும், பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவிலும் இருப்பது நலம்.

அடுப்பைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கையே முன்னிற்கிறது. ஒரு நாள் உலாவுக்கு அடுப்பே வேண்டாம் என்பேன். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், பிளாஸ்க்கில் தேநீரும் எந்த அடுப்பையும்விட இலேசானவை. ரொட்டியை வாழையிலையில் சுற்றிக்கொண்டால், 2017இல் தடைசெய்யப்பட்ட பொலித்தீன் மதிய உணவுத் தாளைத் தேட வேண்டிய தேவையுமில்லை. இரவு தங்குவோர் பொதுவாக நீண்ட காஸ் டின் பொருத்தும் பெட்டி அடுப்பைக் கொண்டுசெல்கிறார்கள். அந்த டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஏறக்குறைய பூச்சியம் பாகையிலேயே கொதிநிலையை எட்டுவது; அதைவிடக் குளிர்ந்தால் போதிய வாயுவாக மாறாது. எரியும்போது தானாகவே மேலும் குளிர்வது. ஆகவேதான் ஹோர்ட்டன் சமவெளி விடியலில் டின் பாதி நிறைந்திருந்தும் சுடர் அடங்கிப்போகிறது. முதல்நாள் இரவே டின்னைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது அல்லது கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் நிறுத்துவது போதும். நெருப்புக்கு அருகில் பிடிப்பதோ, காற்றை மறைக்க அடுப்பையும் டின்னையும் சேர்த்துத் தகரத்தால் சுற்றி அடைப்பதோ உயிருக்கு உலை வைக்கும். டின்னின் கழுத்திலுள்ள வெட்டு மேல்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். இல்லையெனில் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவரும். வீட்டுச் சிலிண்டரிலிருந்து மீள நிரப்பிய டின்களை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது. புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இடையிலான விகிதம் மாறினால் என்ன நேரும் என்பதை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சமையலறைகள் காஸ் வெடிப்புகளாகக் கண்டுவிட்டன. மழையென்றோ குளிரென்றோ கூடாரத்துக்குள் அடுப்பையோ கரிச்சட்டியையோ எரிப்பவர், மணமற்ற காபனோரொட்சைட்டு வாயுவால் உறக்கத்திலேயே இறக்க நேரிடலாம். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமேயில்லை.

குடிநீரைக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் வைத்தால் போதும். 2,000 மீற்றருக்கு மேல் நீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வைக்க வேண்டும். தேயிலை மலைக்குக் கீழே ஓடும் ஓடையில் கலந்திருக்கும் களைக்கொல்லியையும் உரத்தையும் எந்தக் கொதிப்பும் நீக்காது. அங்கு நீரைச் சுமந்தே செல்ல வேண்டும். அட்டைக்கடியைத் தடுக்க, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை நீளும் காலுறையைப் பக்கத்துத் தையற்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். பின்னல் காலுறையின் கண்கள் வழியே அட்டை எளிதாக நுழைந்துவிடும்.

பராமரிப்பில் எல்லாம் உலர்த்துதலில் அடங்கும். கூடாரத் துணியின் உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும் பொலியூரித்தேன் என்ற பூச்சுதான் நீரைத் தடுப்பது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதைந்து, முதலில் புளித்த நாற்றமும் பின்னர் பசைத்தன்மையும் காட்டி, இறுதியில் செதில் செதிலாக உதிரும். அந்த நிலைக்கு வந்த கூடாரத்தை மீட்க முடியாது. எனவே மழைக்குள் இருந்து வீடு திரும்பிய அன்றிரவே, எவ்வளவு களைப்பாயினும், பையிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். லயத்து அறையில் கூடாரத்தை விரித்துக் காயவைக்க இடமேது என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். மேற்போர்வையையும் உட்கூடாரத்தையும் பிரித்து, ஒன்றை இறவாரத்துக் கயிற்றிலும் மற்றதை உள்ளறைக் குறுக்குக் கயிற்றிலும் தொங்கவிட்டு, மறுநாள் இடம் மாற்றினால் இரண்டு நாட்களில் மழைக்காலத்திலும் காய்ந்துவிடும். அடுப்பங்கரைக்கு மேலே தொங்கவிடுவது மட்டும் கூடாது. பொறியும் சூடும் மெல்லிய துணிக்குப் பகை. நேர் வெயிலும் நீண்ட நேரம் ஆகாது, உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரின் வீச்சும் கூடுவதால் மலையில் துணி விரைவாக நைகிறது. நிழலும் காற்றும் உள்ள இடமே சிறந்தது. காய்ந்த பிறகு அதன் சொந்தக் குறுகிய பைக்குள் திணிக்காமல், பெரிய தலையணை உறையில் தளர்வாக இட்டு வைக்க வேண்டும். உறக்கப் பைக்கும் இதே விதி. நசுக்கிக் கட்டியே மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு மீண்டும் எழும்பாது.

துவைப்பதற்குச் சலவைத்தூள் வேண்டாம். மிதமான சவர்க்காரமும் குளிர்ந்த நீரும் மென்துணியும் போதும். ஸிப்பின் பற்களில் ஒட்டும் மண்ணைப் பழைய பல்தூரிகையால் தட்டி, மெழுகுவர்த்தியை அதன்மேல் இலேசாகத் தேய்த்தால் வழுக்கிச் செல்லும். ஸிப் மூடிய பின்னும் பிளந்து நின்றால், பழுது பெரும்பாலும் அதன் ஓடுதலைப்பில்தான் இருக்கும். குறட்டால் இரு ஓரங்களையும் மெல்ல அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், ஸிப்பையே மாற்றத் தேவையில்லை. கிழிசலைச் சுற்றித் துடைத்து, முனைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை இருபுறமும் ஒட்ட வேண்டும். சதுரமாக வெட்டியது மூலையிலிருந்து உரிந்துவரும். கம்பியை மடக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி இருபக்கமும் மடக்கினால் உள்ளே ஓடும் மீள்நாடா ஒரே பக்கம் இழுபட்டு அறுவதில்லை. நெற்றி விளக்கின் பற்றரியைத் திரும்பியதும் கழற்றிவைத்தால், அது கசிந்து விளக்கை அரிக்கும் இழப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சொற்பம். நன்றாகப் பேணிய மலிவான கூடாரம், ஈரத்தோடு மூலையில் வீசப்பட்ட விலையுயர்ந்த கூடாரத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைப்பதைக் கண்ணாரக் காண்கிறேன்.

எந்தப் பொருளாலும் தீர்க்க முடியாதவையும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ள பிரதேசத்தில், அது மஞ்சள் நிலையே ஆனாலும், கூடாரம் அடிக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின்போது நம் மலைகள் சரிந்த விதத்தைக் கண்ட பின்னர் இதை விளக்க வேண்டியதில்லை. தியலும நீர்வீழ்ச்சியின் மேற்றடாகங்களை ஒட்டி முகாமிடுவோர், தாம் நிற்கும் இடத்தில் மழையில்லாமலே நீர் பெருகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் இரவு தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஊவாவின் புல்வெளிகளில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை மூட்டப்படும் ஒரு சிறு நெருப்பும் மலைமுழுதும் பரவக்கூடும்.

இறுதியாக உரியவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, இக்கூடாரங்களின் விலைச்சீட்டில் நிறமும் விலையும் ‘இருவருக்கு’, ‘நால்வருக்கு’ என்ற சொற்களும் இருக்கின்றன. எடை, துணி நீர் தாங்கும் அளவு, கம்பி எதனால் ஆனது, உறக்கப் பையின் வசதி வெப்பநிலை எவ்வளவு ஆகிய விவரங்கள் ஒன்றில் இல்லை, அல்லது நம்மவர் பலரால் வாசிக்க முடியாத மொழியில் பொடி எழுத்தில் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பண்டங்களின் அடையாளச்சீட்டுத் தொடர்பில் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு உண்டு. இந்த நான்கு விவரங்களும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட வேண்டுமென்று அச்சபை இறக்குமதியாளருக்குப் பணித்தால், அவர்களுக்கு அதனால் வரும் செலவு ஒரு ஒட்டுச்சீட்டின் செலவே. இரண்டாவது, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே முகாமிடும் இளைஞர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கூடாரம் வாங்குவது பணவிரயம். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பிரதேச நிலையங்களோ, பாடசாலைச் சாரணர் குழுக்களோ பத்துக் கூடாரங்களையும் நுரைப்பாய்களையும் பொதுவில் வாங்கி, சிறு கட்டணத்துக்கு இரவல் கொடுக்கலாம். அத்தகைய நிலையத்தில் அலுமாரிக்கு முன்பே அமைக்க வேண்டியது, கூரையிட்ட, காற்றோட்டமுள்ள ஓர் உலர்த்தும் கொட்டில். திரும்பி வரும் கூடாரத்தை அதில் இரண்டு நாள் தொங்கவிட்ட பின்பே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியையும் கொட்டிலின் கதவிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

இங்ஙனம்,
சாரணர் குழுப் பொறுப்பாசிரியர் ஒருவர்,
கொட்டகலை.